வெட்டிய சம்ப்பில் ஆயில் எங்கே நிற்கும்?

பிரிட்டனில் சாலையில் போடும் வேகத்தடைக்குச் சட்டப்படி ஓர் அளவு உண்டு. உயரம் 25 மி.மீ.க்குக் குறையக் கூடாது, 100 மி.மீ.க்கு மேல் போகவும் கூடாது. கடையில் வாங்கிய காரை ஓட்டுகிறவர் இதைத் தெரிந்து வைத்திருக்க வேண்டிய தேவையே இல்லை. வீட்டு ஷெட்டில் இரும்புக் குழாய்களை அறுத்துப் பற்றவைத்து, தானே ஒரு ஸ்போர்ட்ஸ் காரைக் கட்டியவருக்கு மட்டும் அந்தப் பத்து சென்டிமீட்டர் மனப்பாடம். அவருடைய காரில் தரைக்கு மிக நெருக்கமாகத் தொங்குவது எஞ்சினுக்கு அடியில் ஆயில் தேங்கி நிற்கும் தொட்டி. அதுதான் ஆயில் சம்ப். நம் ஊர் மெக்கானிக்குகள் ‘ஆயில் சேம்பர்’ என்பார்கள். வேகத்தடை அதில் இடித்தால் தகடு நசுங்கும். பலமாக இடித்தால் கிழிந்து ஆயில் முழுவதும் ரோட்டில் கொட்டும். அதைக் கவனிக்காமல் ஓட்டிக்கொண்டே போனால் எஞ்சின் ‘சீஸ்’ ஆவதற்குச் சில நிமிடங்கள் போதும்.

அதனால் இப்படி வீட்டிலேயே பூட்டும் ‘கிட் கார்’ கட்டுகிறவர்களில் பலர் சம்ப்பின் அடிப்பகுதியை அறுத்து உயரத்தைக் குறைக்கிறார்கள். வெளியிலிருந்து பார்த்தால் இது ஒரு சின்னத் தகட்டு வேலை. ஆனால் அறுப்பதும் ஒட்டுவதும் இதில் சுலபமான பகுதி. கார் திரும்பும்போதும் பிரேக் பிடிக்கும்போதும் உள்ளே இருக்கும் ஆயில் எங்கே போய் நிற்கும் என்று முன்கூட்டியே கணக்கிடுவதில்தான் எஞ்சினின் ஆயுள் இருக்கிறது.

கிட் கார் என்ற பழக்கத்துக்குப் பிரிட்டனின் வரிச் சட்டமும் ஒரு காரணம். லோட்டஸ் நிறுவனர் காலின் சாப்மன் 1957இல் லோட்டஸ் செவன் காரைக் கொண்டுவந்தபோது, முழுதாகச் செய்து விற்கும் புதுக் காருக்கு அங்கே கொள்முதல் வரி இருந்தது. பாகங்களாக வாங்கி வீட்டில் பூட்டிக்கொண்டால் அந்த வரி இல்லை. வரி முறை மாறிய 1973இல் செவன் காரைச் செய்யும் உரிமை கேட்டர்ஹாம் நிறுவனத்தின் கைக்குப் போனது. அந்த நிறுவனம் இன்றும் அதே வடிவத்தில் கார் செய்து விற்கிறது. 1996இல் ரான் சாம்பியன் எழுதிய ஒரு புத்தகம் இன்னொரு வாசலைத் திறந்தது. பழைய ஃபோர்டு எஸ்கார்ட் ஒன்றை வாங்கி, அதன் எஞ்சின், கியர் பாக்ஸ், ஆக்ஸிலைக் கழற்றி, சதுரக் குழாயில் நீங்களே சேஸிஸ் கட்டினால் 250 பவுண்டில் ஸ்போர்ட்ஸ் கார் கிடைக்கும் என்று அது சொன்னது. இப்படிக் கட்டிய கார்களுக்கு ‘லோகாஸ்ட்’ என்று பெயர் வந்தது. லோட்டஸ் என்ற பெயரின் சாயலும் மலிவு என்ற பொருளும் அதில் சேர்ந்திருந்தன.

சிக்கல் தொடங்குவதும் இங்கேதான். எஸ்கார்ட், கார்ட்டினா, சியரா எல்லாம் குடும்பக் கார்கள். அவற்றின் பானெட் உயரமானது, தரைக்கும் காருக்கும் நடுவே இடைவெளியும் தாராளம். செவன் வகைக் காரின் பானெட் அதைவிட மிகவும் தாழ்வானது. எஞ்சினை மேலே தூக்கினால் பானெட்டைப் பிளந்துகொண்டு தலை நீட்டும், கீழே இறக்கினால் சம்ப் சேஸிஸுக்குக் கீழே தொங்கும். ஃபோர்டின் பிண்டோ எஞ்சின் இதற்குப் பேர்போனது. 1970இல் வந்த அந்த எஞ்சினில் கேம் ஷாஃப்ட் தலைக்கு மேலே இருப்பதால் உயரம் அதிகம். உறுதியானது, மலிவாகக் கிடைத்தது, இரண்டு லிட்டர் கொள்ளளவு கொண்டது. இத்தனை நன்மைக்காகவே அதை விடாமல் சம்ப்பை அறுத்தவர்கள் ஏராளம். முன்சக்கர இழுவைக் காரிலிருந்து எடுத்த எஞ்சின் என்றால் வேறொரு தொல்லை வரும். அங்கே எஞ்சின் குறுக்காகப் படுத்திருந்தது, இங்கே நெடுக்காகத் திரும்பிவிட்டது. பழைய காரில் பிரேக் பிடிக்கும்போது ஆயில் தள்ளப்பட்ட அதே பக்கத்துக்கு, புதுக் காரில் வளைவில் திரும்பும்போது தள்ளப்படும். கம்பெனி யோசித்து வைத்த உள்தடுப்புகள் எல்லாம் தவறான திசையைப் பார்த்துக்கொண்டு நிற்கும்.

சம்ப்புக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். அடித்தட்டுக்குச் சற்று மேலே, வலை கட்டிய வாயோடு ஒரு குழாய் தொங்குகிறது. அதைப் பிக்கப் என்பார்கள். ஆயில் பம்ப் இந்தக் குழாய் வழியாக உறிஞ்சி, ஃபில்டருக்கும், அங்கிருந்து கிராங்க் ஷாஃப்ட்டின் பேரிங்குகளுக்கும் அனுப்புகிறது. கிராங்குக்கும் பேரிங்குக்கும் இடையே உள்ள வெளி ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு அளவுதான். சுழலும் கிராங்க் அந்த இடுக்குக்குள் ஆயிலை ஆப்பு போல இழுத்துக்கொண்டு, அதன் மேல் மிதக்கிறது. உலோகத்தை உலோகம் தொடாமல் காப்பது அந்த மெல்லிய படலம். பம்ப்பின் வேலை அந்தப் படலம் வற்றாமல் ஊற்றிக்கொண்டே இருப்பது. குழாயின் வாய் ஒரு நொடி ஆயிலுக்கு வெளியே வந்து காற்றை உறிஞ்சினாலும் படலம் அறுந்துவிடும். அதிக வேகத்தில் சுழலும் எஞ்சினில் பேரிங் உருகிக் கிராங்கோடு ஒட்டிக்கொள்ள நெடுநேரம் வேண்டியதில்லை. ஓட்டுகிறவருக்கு முதலில் கேட்பது அடியிலிருந்து வரும் ‘டக் டக்’ சத்தம். அப்போது காலம் கடந்திருக்கும்.

இப்போது அறுப்பதன் விளைவைப் பாருங்கள். 250 மி.மீ. நீளம், 200 மி.மீ. அகலம் உள்ள ஒரு சம்ப்பின் குழியில் 40 மி.மீ. உயரத்தை அறுத்தால் இரண்டு லிட்டர் ஆயிலுக்கான இடம் போய்விடும். இத்தகைய எஞ்சினில் மொத்தமாக நிற்பதே ஏறத்தாழ நான்கு லிட்டர்தான். மீதியைக் கூடுதலாக ஊற்றி மட்டத்தை ஏற்றிவிடலாமே என்று தோன்றும். அது இன்னும் மோசம். ஃபோர்டின் 1600 சி.சி. கிராஸ்ஃப்ளோ எஞ்சினின் ஸ்ட்ரோக் சுமார் 77.6 மி.மீ. நிமிடத்துக்கு 6,000 சுற்று என்றால் அதன் கிராங்க் பின் மணிக்கு ஏறக்குறைய 88 கி.மீ. வேகத்தில் வட்டமடிக்கிறது. ஆயில் மட்டம் அந்த வட்டத்தைத் தொட்டால் கிராங்க் அதை அடித்து நுரையாக்கிவிடும். நுரையை உறிஞ்சும் பம்ப் பாதி காற்றைத்தான் பேரிங்குக்கு அனுப்பும். எஞ்சினின் சக்தியும் வீணாகும், ஆயிலின் சூடும் ஏறும்.

ஆகவே இழந்த இடத்தைப் பக்கவாட்டில் மீட்கிறார்கள். சம்ப்பின் இரு புறமும் சிறகு போல இரண்டு பெட்டிகளைச் சேர்த்து அகலப்படுத்துவார்கள். கொள்ளளவு திரும்பக் கிடைத்துவிடும். வேலை முடிந்தது என்று பலர் நினைப்பது இந்த இடத்தில்தான். இங்கே ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்பது நல்லது.

நல்ல டயர் போட்ட இலேசான கார் வளைவில் வேகமாகத் திரும்பும்போது பக்கவாட்டு விசை புவியீர்ப்புக்குச் சமமாகிவிடும். இதை 1 ஜி என்கிறார்கள். கீழே இழுக்கும் விசையும் பக்கத்தில் தள்ளும் விசையும் சமமானால் ஆயிலின் மேற்பரப்பு 45 டிகிரி சாய்ந்து நிற்கும். பழைய ஆழமான சம்ப்பின் குறுக்குவெட்டு 240 மி.மீ. அகலம், ஆயில் ஆழம் 80 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். 45 டிகிரி சாய்ந்தால் அந்த ஆயில் ஒரு பக்கச் சுவரில் 196 மி.மீ. அகலமும் அதே உயரமும் உள்ள முக்கோணமாகக் குவியும். பிக்கப் நடுவில், அதாவது அந்தச் சுவரிலிருந்து 120 மி.மீ. தள்ளி இருக்கிறது. அங்கே இன்னும் 76 மி.மீ. ஆழம் ஆயில் உண்டு. பயமில்லை. இப்போது அதே அளவு ஆயிலை 400 மி.மீ. அகலமுள்ள புது சம்ப்பில் ஊற்றுங்கள். சமதளத்தில் ஆழம் 48 மி.மீ. திரும்பும்போது குவியும் முக்கோணம் அதே 196 மி.மீ.தான். நடுவில் உள்ள பிக்கப் சுவரிலிருந்து 200 மி.மீ. தள்ளி இருக்கிறது. அங்கே ஒரு சொட்டு இல்லை. நின்ற இடத்தில் டிப் ஸ்டிக் ‘ஃபுல்’ காட்டும், ரவுண்டானாவில் எஞ்சின் காற்றைக் குடிக்கும்.

உண்மையான சம்ப்பின் வடிவம் இவ்வளவு எளிமையானதல்ல. எஞ்சின் ஓடும்போது ஆயிலில் ஒரு பகுதி மேலே சிலிண்டர் ஹெட்டில் நின்றுவிடுவதையும் இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. சேர்த்தால் நிலைமை இன்னும் இறுகும். ஆனால் இந்தக் கணக்கு காட்டும் திசை சரியானது. ஆழத்தைக் குறைத்து அகலத்தைக் கூட்டினால், ஆயில் ஓடிப்போவதைத் தடுக்கும் வேலையை நாம்தான் செய்ய வேண்டும்.

தண்ணீர் லாரியின் டாங்கிக்குள் குறுக்கே தகடுகள் இருக்குமே, பிரேக் பிடிக்கும்போது தண்ணீர் மொத்தமாக முன்னால் சாடாமல் இருக்க, அதே வேலையைத்தான் சம்ப்பின் தடுப்புத் தகடுகளும் செய்கின்றன. முதல் தடுப்பு சிறகுகளின் மேல்மூடி. மூடி இருந்தால் சாயும் ஆயில் சுவர் ஏற முடியாது, சிறகு கொள்ளும் அளவோடு நின்றுவிடும். இரண்டாவது, பிக்கப்பைச் சுற்றி நான்கு பக்கமும் நிற்கும் ஒரு சின்ன அறை. இந்த அறையின் சுவர்களில் கீல் வைத்த சிறு கதவுகள் இருக்கும். அவை உள்பக்கம் மட்டுமே திறக்கும். ஆயில் உள்ளே வரும்போது கதவு திறந்து வழிவிடும், வெளியே ஓட முயலும்போது அந்த ஆயிலே கதவை அழுத்திச் சாத்திவிடும். இதற்கு மோட்டாரோ ஸ்பிரிங்கோ வேண்டாம். இந்த வேலை முழுவதிலும் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இந்தக் கதவுகள்தான். எந்த விசை ஆயிலைத் திருடப் பார்க்கிறதோ அதே விசையைக் காவலுக்கு நிறுத்திவிடுகின்றன. மூன்றாவது, அறைக்கு மேலே, கிராங்குக்குக் கீழே படுக்கும் தகடு. பிரேக் பிடிக்கும்போது ஆயில் எம்பி முன்னால் பாய்வதையும், கிராங்க் கிளப்பும் சூறைக்காற்று ஆயிலைக் கலக்குவதையும் இது தடுக்கும். மேலிருந்து வடிந்து வரும் ஆயில் கீழே இறங்க இதில் போதிய துளைகள் விட வேண்டும். துளை குறைந்தால் ஆயில் தகட்டின் மேலேயே தேங்கி, அடியில் பிக்கப் காய்ந்து கிடக்கும்.

சம்ப்பின் உயரம் குறைந்தால் பிக்கப் குழாயையும் குட்டையாக்க வேண்டும். குழாயின் வாய்க்கும் அடித்தட்டுக்கும் இடையே 6 முதல் 10 மி.மீ. வரை விடுவது வழக்கம். இதற்குப் பின்னால் ஒரு வடிவியல் காரணம் இருக்கிறது. வாயைச் சுற்றியுள்ள இடுக்கின் பரப்பு, குழாயின் உள்பரப்பைவிடக் குறைந்தால் பம்ப் மூச்சுத் திணறும். நேரான குழாய்க்கு அந்த எல்லை, உள்விட்டத்தில் நான்கில் ஒரு பங்கு. 20 மி.மீ. குழாய் என்றால் 5 மி.மீ. அதற்குச் சற்று மேலே நின்றால் பாதுகாப்பு. ரொம்பவும் மேலே போனால் வளைவில் வாய் முதலில் வெளியே வந்துவிடும். சம்ப்பை மாட்டிய பிறகு உள்ளே பார்க்க முடியாதே, எப்படி அளப்பது? குழந்தைகள் விளையாடும் பிளாஸ்டிசின் களிமண்ணை ஓர் உருண்டை பிக்கப் வாயில் ஒட்டி, கேஸ்கெட்டோடு சம்ப்பை மாட்டி முடுக்கி, திரும்பக் கழற்றுவார்கள். நசுங்கிய களிமண்ணின் தடிமன்தான் இடைவெளி. கிராங்குக்கும் மேல்தகட்டுக்கும் இடையே உள்ள வெளியையும் இப்படியே அளந்து, எஞ்சினைக் கையால் முழுச் சுற்று சுற்றிப் பார்க்க வேண்டும்.

குழாயை அறுத்து ஒட்டிய இடத்தில் ஊசித்துளை அளவு கசிவு இருந்தாலும் பம்ப் அதன் வழியாகக் காற்றை இழுக்கும். வெளியே ஒரு சொட்டும் சிந்தாது என்பதால் இந்தக் கோளாறைக் கண்டுபிடிப்பது கடினம். ஒட்டுப்போட்ட குழாய் எஞ்சின் அதிர்வில் விரிசல் விடாமலிருக்க, பேரிங் மூடியின் போல்ட்டோடு ஒரு சிறு தாங்கியும் கொடுப்பார்கள்.

வெல்டிங் விஷயத்தில் முதல் எச்சரிக்கை சுத்தம். பல வருடம் ஆயிலில் ஊறிய சம்ப்பின் மடிப்புகளில் ஆயில் ஒளிந்திருக்கும். தீ பட்டால் அது ஆவியாகி எரியும், பற்றவைக்கும் இடத்தில் ஓட்டையும் விழும். கிரீஸ் நீக்கியில் ஊறவைத்து, சுடுதண்ணீரில் கழுவி, காயவைத்து, அதன் பிறகும் ஒருமுறை கழுவுவது அதிகமில்லை. இரண்டாவது எச்சரிக்கை கோணல். சம்ப் மெல்லிய தகடு. நீளமாகப் பற்றவைத்தால் சூட்டில் முறுக்கிக்கொள்ளும். எஞ்சினோடு சேரும் விளிம்பு ஒரு மில்லிமீட்டர் வளைந்தாலும் காலம் முழுக்க ஆயில் ஒழுகும். அதனால் அறுப்பதற்கு முன்பே சம்ப்பை ஒரு தடித்த இரும்புப் பலகையிலோ, உதவாத பழைய எஞ்சின் பிளாக்கிலோ எல்லா போல்ட்டும் போட்டு இறுக்கிவிடுவார்கள். பிறகு இங்கொரு பொட்டு அங்கொரு பொட்டு என்று மாறி மாறி மிக் வெல்டிங்கில் பற்றவைத்து, ஆறவிட்டு ஆறவிட்டு முடிப்பார்கள். அவசரம் உள்ளவர்கள் இந்த வேலையைத் தொடவே கூடாது.

அலுமினிய சம்ப் என்றால் கதை வேறு. வார்ப்பு அலுமினியத்துக்கு டிக் வெல்டிங்கும் பழகிய கையும் வேண்டும். அதைவிட முக்கியம், பிற்கால எஞ்சின்கள் சிலவற்றில் அலுமினிய சம்ப் வெறும் தொட்டியாக இருப்பதில்லை. கியர் பாக்ஸோடு போல்ட் போட்டு இணைந்து, எஞ்சினும் கியர் பாக்ஸும் சேரும் இடத்துக்கு விறைப்புக் கொடுக்கும் உறுப்பாகவும் அது இருக்கிறது. அதை அறுத்து மெலிந்த தகட்டை ஒட்டினால் அந்த விறைப்பு போய்விடும். அத்தகைய எஞ்சினுக்கு, செவன் வகைக் கார்களுக்கென்றே வார்த்து விற்கும் குட்டை சம்ப்பை வாங்குவதே சரி. இரும்புத் தகட்டு சம்ப் மட்டுமே வீட்டில் அறுப்பதற்கு ஏற்றது என்பது என் கருத்து.

பற்றவைத்து முடித்ததும் கசிவு பார்க்கும் முறை பழையது, நம்பகமானது. வெளிப்பக்கத் தையல் முழுக்கச் சுண்ணாம்புக் கட்டியைத் தேய்த்து வெள்ளையாக்கி, உள்ளே மண்ணெண்ணெய் ஊற்றி இரவு முழுவதும் வைத்துவிட வேண்டும். தண்ணீர் நுழையாத நுண்துளையிலும் மண்ணெண்ணெய் நுழையும். காலையில் வெள்ளையில் கறை தெரிந்தால் அங்கே ஓட்டை. பிறகு உள்ளே ஒட்டியிருக்கும் வெல்டிங் மணிகளை ஒவ்வொன்றாகச் சுரண்டி எடுக்க வேண்டும். விட்டுப்போன ஒரு மணி ஆயிலோடு கிளம்பிப் பிக்கப் வலையில் மாட்டினால் பரவாயில்லை, வலையைத் தாண்டினால் பம்ப்பின் பற்களைக் கீறிவிடும்.

மோட்டார் சைக்கிள் எஞ்சினைக் காரில் வைக்கிறவர்களுக்கு இந்தப் பாடம் இன்னும் கடுமையாக வரும். ஹோண்டா ஃபயர்பிளேடு, யமஹா ஆர்1, சுசுகி ஹயபூசா எஞ்சின்களை வைத்து பிரிட்டனில் நிறைய கிட் கார்கள் கட்டப்பட்டன. பைக் வளைவில் சாய்ந்து திரும்புகிறது. எவ்வளவு சாய்கிறது? புவியீர்ப்பும் பக்கவாட்டு விசையும் சேர்ந்த விசை பைக்கின் நடுத்தளத்தோடு சேரும் அளவுக்கு. எனவே முழங்கால் தரையைத் தொடும் சாய்விலும், சம்ப்புக்குள் இருக்கும் ஆயிலுக்குத் தான் நேராக நிற்பதாகவே படும். அடித்தட்டைவிட்டு நகராது. அதே எஞ்சினைச் சாயாத காரில் வைத்ததும், அதை வடிவமைத்தவர்கள் எதிர்பார்த்தே இராத பக்கவாட்டு ஓட்டம் தொடங்கிவிடும். தடுப்பு இல்லாத பைக் சம்ப்போடு பந்தயத் தடத்தில் இறங்கி எஞ்சினை இழப்பது இந்தக் கார்களில் பெயர்பெற்ற விபத்து.

இதே கேள்வி கோவையிலும் எழுகிறது. செட்டிபாளையத்தில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வே, மாருதி 800 எஞ்சினை வைத்து ஃபார்முலா மாருதி பந்தயக் காரை உருவாக்கிய கரிவர்தன் பெயரைத் தாங்கிய தடம். அங்கே நடந்துவரும் ஃபார்முலா பாரத் போட்டிக்குப் பொறியியல் கல்லூரி மாணவர்கள் தாங்களே கட்டிய ஒற்றை இருக்கைக் கார்களோடு வருகிறார்கள். 710 சி.சி.க்கு மேற்படாத எஞ்சின் என்பது விதி, அதனால் கேடிஎம் 390 போன்ற பைக் எஞ்சின்களே பலருக்கும் கைகொடுக்கின்றன. குறுகிய வளைவுகள் நிறைந்த தடத்தில் சாயாத காரில் பைக் எஞ்சின் ஓடும்போது, மேலே போட்ட முக்கோணக் கணக்கை ஒவ்வொரு அணியும் தன் சம்ப்புக்குப் போட்டுப் பார்த்தாக வேண்டும்.

செலவு பொருட்டில்லை என்றால் சம்ப்பில் ஆயிலைத் தேக்காமலே விடலாம். அடியில் விழும் ஆயிலைத் தனிப் பம்ப்புகள் உடனுக்குடன் உறிஞ்சி, உயரமான தனித் தொட்டிக்கு அனுப்பும். எஞ்சினுக்குத் தேவையான ஆயில் அந்தத் தொட்டியின் அடியிலிருந்து போகும். ‘ட்ரை சம்ப்’ எனப்படும் இந்த ஏற்பாட்டில் எஞ்சினுக்குக் கீழே ஒரு தட்டையான தட்டு போதும், எஞ்சினையே இன்னும் இறக்கி வைக்கலாம். 1967இல் பந்தய ஓட்டுநர் ஜிம் கிளார்க்கின் லோட்டஸ் 49 கார், டச்சு கிராண்ட் பிரியில் தன் முதல் ஓட்டத்திலேயே வென்றபோது அதிலிருந்த காஸ்வொர்த் டிஎஃப்வி எஞ்சின் இந்த வகைதான். ஆனால் பெல்ட்டில் ஓடும் பம்ப், தொட்டி, தடித்த ஹோஸ்கள் எல்லாம் சேர்ந்தால் லோகாஸ்ட் காரின் மற்றச் செலவையெல்லாம் விழுங்கிவிடும்.

புது சம்ப்பை மாட்டியதும் உடனே ஸ்டார்ட் செய்யக் கூடாது. ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிவிட்டு, ஸ்டார்ட்டரில் சுற்றி, பிரஷர் கேஜின் ஊசி எழும் வரை காத்திருக்க வேண்டும். டேஷ்போர்டில் எரியும் சிவப்பு விளக்கை மட்டும் நம்பியிருப்பது போதாது. பிரஷர் மிகவும் விழுந்த பிறகே அது எரியும். டிப் ஸ்டிக்கின் பழைய கோடுகளும் இனிச் செல்லாது. கிராங்கின் வட்டத்துக்குக் கீழே எந்த மட்டம் வரை ஆயில் நிற்கலாம் என்று அளந்து, சமதளத்தில் அந்த அளவு ஊற்றி, எஞ்சினை ஓட்டி நிறுத்தி, ஆயில் வடிந்து இறங்கியதும் புதுக் கோட்டை அரத்தால் கீற வேண்டும். பிறகு ஆள் நடமாட்டமில்லாத பெரிய ரவுண்டானாவில், ஆயில் நன்றாகச் சூடான பின், மெதுவாகத் தொடங்கி வேகத்தைக் கூட்டிக்கொண்டே போய் ஊசியைப் பார்க்க வேண்டும். பக்கத்தில் உட்கார்ந்த ஒருவர் பார்த்துச் சொல்வது நல்லது. நீண்ட வளைவில் ஊசி ஒருமுறை சரிந்து நேர்ச்சாலையில் மீண்டும் எழுந்தாலும், அந்த இடத்திலேயே எஞ்சினை நிறுத்திவிட வேண்டும். வண்டியைக் கட்டி இழுத்து வீட்டுக்குக் கொண்டுபோய், சம்ப்பை இறக்கி, கதவுகள் ஒழுங்காகச் சாத்துகின்றனவா, மேல்தகடு பிக்கப்பைச் சுற்றி எங்காவது வாய் விட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சம்ப் கீழே இருக்கும்போதே ஒரு பேரிங் மூடியையும் கழற்றி, உள்ளே கீறல் விழுந்திருக்கிறதா என்று பார்த்துவிடுவது நல்லது.